மணி ரோமுக்குப் போன வெள்ளிக்கிழமை

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் வளர்ந்த ஜெர்மன் கிராமத்தின் புனிதர், அந்த ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை, ஒரு மணித் திருடர்.

போன வருஷம் அலுவலக வேலையாக டப்ளினுக்குப் போயிருந்தபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியின் கணினிகள் உறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். அவை உறங்காததால் நானும் அதிகம் உறங்குவதில்லை. கூட்டங்கள் முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தது. ஹோட்டலில் படுத்துக் கிடந்திருக்க வேண்டியவள், சிறுவயதில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஓர் ஊர்ப் பெயரைப் பேருந்தின் நெற்றியில் பார்த்ததும் ஏறிவிட்டேன். ஒரு தெரு, ஒரு மதுக்கடை, ஒரு பங்குக் கோயில், எல்லாவற்றுக்கும் மேலே மழை. தெரு முடியும் இடத்தில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நின்றன.

கோயிலைத் திறந்துவிட்ட பெண், நான் எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் எங்கள் மணியைக் கொண்டுவந்தீர்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர்கள் வரலாற்றின்படி, எங்கள் புனிதரான அந்தத் துறவி ஊரைவிட்டுப் போகும்போது கோயிலின் கைமணியை யாரையும் கேளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வரலாற்றின்படி, அதை அவருக்குக் கடல் நடுவே ஒரு தேவதூதர் கொடுத்தார். இரண்டு ஊர்க் கோயில்களுக்கும் இடையில் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக இந்த வழக்கு தீராமல் கிடக்கிறது. நான் பேச்சை மாற்ற, கூரையில்லாத வீடுகளைக் காட்டி, அவற்றில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். அமெரிக்கா என்றார், ஏதோ நேற்று மாலை போனவர்களைச் சொல்வது போல.

திரும்பி வரும் வழியில் பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நான் நினைத்தது புனிதரையும் அல்ல, தேவதூதரையும் அல்ல. இடுப்பில் கட்டிய சாரத்துடனும் இரவல் பூட்ஸுடனும் ஒரு கோயிலின் நீள வாங்கில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைத்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆஹெனுக்குத் தெற்கே, ஐஃபல் மலைப்பக்கத்தில் இருந்தது எங்கள் கிராமம். அதற்கு முந்தின கோடையில்தான் அங்கே குடிவந்திருந்தோம். கோயில் பணியாளருக்கென்று ஒரு காலத்தில் கட்டிய வீடு அது. கோயில் மதிலும் எங்கள் சமையலறைச் சுவரும் ஒன்றுதான். வாடகை குறைவு. ஏன் குறைவு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே மணிக்கூண்டு, கால் மணிக்கொருதரம் அடிக்கும். மணிக்கு மணி எண்ணி அடிக்கும். காலை, மத்தியானம், மாலை மூன்று வேளையும் ஜெபத்துக்கென்று தனியாக, நின்று நிதானித்து அடிக்கும்.

அப்பாவுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. மாவுத்தூள் படிந்த புருவத்துடன் நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் வீடு வருவார். சாப்பிடும்போதே கண் செருகும். சோற்றுக் கோப்பைக்குள் கை இருக்க, வாயைத் திறந்தபடி உறங்கிவிடுவார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் உட்கார்ந்து உறங்கினார். பேருந்தில் நின்றபடி உறங்கி இரண்டு ஊர் தாண்டிப் போய், அங்கிருந்து நடந்து வந்தார். எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்தென்று ஏதாவது உண்டென்றால் அது இந்தக் களைப்புத்தான். அது இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அவருடைய பகல் உறக்கத்தைக் காப்பதுதான் எங்கள் குடும்பத்தின் முழுநேரத் தொழில். ஜன்னலுக்குக் குறுக்கே அம்மா ஒரு தடித்த கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல்தான் படம் பார்க்கலாம். எலியும் பூனையும் ஒன்றையொன்று ஊமையாகத் துரத்தும். கடுகு தாளிப்பது, தேங்காய்ச் சம்பல் இடிப்பது எல்லாம் அப்பா எழும்பிய பிறகு. சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வர ஏலாது. அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து வந்து, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். நாங்கள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிய, தலைக்கு மேலே அந்தப் பெரிய வெண்கலம் ஒரு கூச்சநாச்சமும் இல்லாமல் டாங் டாங் என்று போட்டுக்கொண்டிருக்கும். அப்பா காதில் பஞ்சை அடைத்து, அதன் மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

எனக்கு அந்த மணியின் மேல் தனிப்பட்ட கோபம் இருந்தது. என் பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிள் வந்திருந்தது. அப்பா ஓடப் பழக்குவதாகச் சொல்லியிருந்தார். "நல்லா நித்திரை கொண்டு எழும்பினவுடனை பழக்குறன் பிள்ளை" என்பார். நல்ல நித்திரை என்று ஒன்று வரவேயில்லை. பனிக்காலம் முழுக்கச் சைக்கிள் கோயில் மதிலில் சாய்ந்து நின்று துருப்பிடித்தது. மணி மட்டும் இல்லாவிட்டால் அப்பா உறங்குவார், உறங்கினால் சைக்கிள் ஓடலாம். கணக்கு அவ்வளவு சுலபம்.

அந்த வீட்டை எங்களுக்கு எடுத்துத் தந்தவர் கோயிலைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி. இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து. காலில் எந்தக் காலநிலைக்கும் ரப்பர் பூட்ஸ். அம்மா அவருக்குச் சாவி அக்கா என்று பெயர் வைத்திருந்தார். பூசை வைக்கும் சுவாமியார் ஐந்து ஊருக்கு ஒருவர் என்பதால் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் கோயிலின் அதிகாரம் முழுக்கச் சாவி அக்காவிடம்தான். சுற்றுலாக்காரர்கள் வந்தால் புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டை மதிலில் அணைத்துவிட்டு, ஐரிஷ்காரரின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ஊரில் புனிதர் என்று யாரும் சொல்வதில்லை, ஐரிஷ்காரர் என்றுதான் சொல்வார்கள்.

கதை இதுதான். கடல் தாண்டி வந்த அந்தத் துறவி, திரும்பி ஊருக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். இங்கே ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். அவர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஊரார் அவரை ஏற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவர் மாலைதோறும் கைமணியை அடிப்பார். இவர்கள் மாட்டைக் கட்டிவிட்டு உறங்கப் போவார்கள். ஒரு பனிக்காலத்தில் மணி கேட்கவில்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகுதான் ஒருவருக்கும் உறக்கம் வரவில்லை என்பது தெரிந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். அவர் இறந்து கிடந்தார். அந்த இடத்தில்தான் கோயில் எழுந்தது. கைமணி, இரும்பில் செய்தது, பீடத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுமணியைப் போலக் கறுத்துக் கிடந்தது.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஐரிஷ்காரருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். விசா விஷயங்களை அவரிடமும், உடம்பு விஷயங்களை வீட்டிலிருந்த பிள்ளையாரிடமும் ஒப்படைத்திருந்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர் என்பதால் அந்தத் துறையில் அவருக்கு அனுபவம் இருக்கும் என்பது அம்மாவின் எண்ணம்.

அந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு வழக்குக் கிளம்பியது. கொலோனிலிருந்து வந்த ஒரு தம்பதி ஊரில் பழைய வைக்கோல் கொட்டிலை வாங்கி வீடாக்கியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அமைதி தேடி வந்தவர்களுக்கு அமைதி கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஜெபத்துக்கு அடிக்கட்டும், நேரம் சொல்ல அடிக்க வேண்டாம், எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறதே என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பங்கு மண்டபத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பது என்று சுவாமியார் அறிவித்தார்.

ஒரு மாலை அந்தக் கொலோன்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்பா அப்போதுதான் எழும்பி, முகம் கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்றார். அப்பாவுக்கு ஜெர்மன் தொழிற்சாலை அளவுக்குத்தான் தெரியும். அதனால் நான் நடுவில் நின்றேன். இரவு வேலை செய்கிறவருக்குப் பகலில் உறங்க உரிமை உண்டு, கோயிலுக்கு மிக நெருக்கமாக இருப்பதும் நீங்கள்தான், கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்றார் அவர். நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்போடு என் சொந்தச் செலவில் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். சட்டமே அப்பாவின் பக்கம் இருப்பதாகச் சொன்னேன்.

அப்பா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லு" என்றார்.

அவர் போன பிறகு அம்மா மெல்லச் சொன்னார்: "ஒருக்கா வாயைத் திறந்து சொல்லுங்கோவன். நீங்கள் நித்திரை கொண்டு எத்தினை மாதம்."

"வீடு தந்தது ஆர்?" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. நான் கூட்டத்துக்கான நாளை எண்ணத் தொடங்கினேன்.

அதற்குள் பெரிய வாரம் வந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையோடு மணிகள் ஓய்ந்துவிடும், உயிர்த்த ஞாயிறு விடியும்வரை அடிக்காது என்று சாவி அக்கா பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னார். மணிகள் ரோமுக்குப் போய்விடுகின்றன, பாப்பரசரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும், இதுதான் அங்கத்தைய நம்பிக்கை. அதுவரை நேரத்தை ஊருக்குச் சொல்வது பிள்ளைகளின் வேலை. பலகையில் மரச் சுத்தியல்கள் பொருத்தி, கைபிடியைச் சுழற்றினால் கடகடவென்று அடிக்கும் ஒரு கருவி. அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். கிராமத்தில் பிள்ளைகள் குறைந்துபோயிருந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் அதிலும் குறைவு. சாவி அக்கா என்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வேதக்காரப் பிள்ளையா சைவப் பிள்ளையா என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. கைகள் போதவில்லை, அதுதான் விஷயம்.

எனக்கோ கருவியைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. வியாழன் மாலை முதல் ஞாயிறு காலைவரை மணி இல்லை. அப்பா உறங்கப்போகிறார். கூட்டத்துக்கு முன்பே, யாரும் கேட்காமலே, ஐரிஷ்காரர் எங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார். இதை அப்பாவிடம் சொல்கிறேன் என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளி காலை அப்பா வீடு வந்து, பாண் துண்டொன்றைப் பிய்த்து வாயில் வைத்தபடியே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். அம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பெரிய வெள்ளி விடுமுறை நாள்தான். முதியவர்களுக்கு விடுமுறை இல்லை.

நான் வாசலில் உட்கார்ந்து அந்த மௌனத்தைக் காவல் காத்தேன். அப்படி ஒரு மௌனத்தை அந்த வீடு கேட்டதே இல்லை. உள்ளே அப்பாவின் குறட்டை சீராக வந்தது. மத்தியானம் ஆனதும் பிள்ளைகள் கருவிகளோடு வந்தார்கள். எங்கள் வீட்டருகில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். திருடர்களைப் போலக் கால் நுனியில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், சந்தி திரும்பி, கேட்காத தூரத்துக்குப் போன பிறகுதான் கைபிடியைச் சுழற்றினோம். நான் மிகுந்த பெருமையுடன் சுழற்றினேன். என் அப்பாவுக்கு நான் உறக்கம் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை அப்பாவும் சாவி அக்காவும் சொல்லிய துண்டுகளிலிருந்துதான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மத்தியான மணி அடிக்காததால் அப்பா எழும்பிவிட்டார். உறக்கத்திலும் அவர் உடம்பு அதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காதிலிருந்து பஞ்சை எடுத்தார். சத்தம் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், பதில் இல்லை. கம்பளியை விலக்கிப் பார்த்தார். தெருவில் ஒரு கார் இல்லை, ஒரு ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கடவுச்சீட்டும் பிறப்புப் பத்திரங்களும் வைத்த தோள்பை ஒன்று அறைக் கதவின் பின்னால் எப்போதும் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு, கட்டியிருந்த சாரத்தோடு, சித்திரை மாதத்து ஐஃபல் குளிரில் வெறுங்காலோடு வெளியே ஓடினார்.

ஆட்கள் இருந்தால் கோயிலில் இருப்பார்கள் என்று கோயிலுக்குள் போனார். பெரிய வியாழன் இரவோடு பீடத்தை வெறுமையாக்கிவிடுவது அவர்கள் வழக்கம். துணி இல்லை, மெழுகுதிரிகள் இல்லை, பூக்கள் இல்லை. நற்கருணைப் பேழையின் கதவு திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் சுற்றி மூடியிருந்தார்கள். ஐரிஷ்காரரின் சுரூபத்தையும் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இதெல்லாம் துக்கத்தின் அடையாளம் என்று அப்பாவுக்கு யார் சொன்னது? சாமான்களைக் கட்டிக்கொண்டு, சாமிகளையும் கட்டி வைத்துவிட்டு, ஊர் புறப்பட்டுப் போய்விட்டது என்றுதான் அவருக்கு விளங்கியது.

பக்க அறையிலிருந்து சாவி அக்கா வந்தபோது, அப்பா நடுக்கோயிலில் நின்று, தெரிந்த ஜெர்மனில், ஆட்கள் எங்கே, மணி எங்கே என்று கேட்டிருக்கிறார். சாவி அக்கா எவர் கேட்டாலும் சொல்வதைச் சொன்னார். மணி ரோமுக்குப் போய்விட்டது.

"மணியையும் கழட்டிக்கொண்டு போட்டினமோ?" என்று அப்பா தமிழில் கேட்டாராம். சாவி அக்காவுக்கு மொழி விளங்கவில்லை, முகம் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து நாங்கள் ஊரைச் சுற்றி முடித்துக் கோயில் வாசலுக்கு வந்தோம். எல்லாக் கருவிகளையும் ஒன்றாகச் சுழற்றிக்கொண்டு வந்தோம். கோயில் சுவர்களுக்கிடையில் அந்தக் கடகடப்பு எப்படிக் கேட்கும் என்பதை நான் பின்னாளில் உள்ளே நின்று கேட்டிருக்கிறேன். நாங்கள் கதவைத் தள்ளி உள்ளே போனபோது, அப்பா இரண்டு வாங்குகளுக்கு நடுவே முழந்தாளில், தலையைக் குனிந்து, கைகளை அதன் மேல் வைத்துக்கொண்டு இருந்தார். தோளில் சாவி அக்காவின் மேலங்கி.

அப்பா வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அம்மா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். கூடவே வெட்கமும் வந்தது. முழு வகுப்பும் அங்கே நின்றது. அப்பா சாரத்துடன் இருந்தார்.

சாவி அக்கா எங்களை ஓர் அதட்டு அதட்டி வெளியே அனுப்பினார். நான் மட்டும் நின்றேன். அவர் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி அப்பாவின் கால்களில் மாட்டினார். தான் வெறும் காலுறையோடு கல்தரையில் நின்றார். அப்பா வாங்கில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொம்மா எங்கை?"

"வேலைக்கு."

"ஓம்" என்றார். பிறகும் ஒருமுறை, யாரும் கேட்காமலே, "ஓம்" என்றார்.

அன்று பகல் அவர் உறங்கவில்லை. சனிக்கிழமையும் உறங்கவில்லை. கட்டிலில் படுத்துக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். நான் இவ்வளவு பாடுபட்டுக் காத்த மௌனம் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. சனி மாலை, கண் சிவந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அவர் வேலைக்குப் போனபோது எனக்கு அழுகை வந்தது. மணி அடித்தாலும் இவர் உறங்கமாட்டார், அடிக்காவிட்டாலும் உறங்கமாட்டார், இனி என் சைக்கிள் அவ்வளவுதான் என்று அழுதேன்.

நான் படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே, அம்மா எனக்குச் சொன்னார். அவர்கள் விட்டுவந்த ஊரில், போர் நடந்து ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்தில், இரவு முழுக்கப் பதுங்குகுழி வெட்டிய களைப்பில் அப்பா ஒரு பகலில் யாரோ ஒருவருடைய தோட்டத்துக் கொட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். எழும்பியபோது ஊரில் ஒருவரும் இல்லை. பிள்ளையார் கோயில் மணியும் அடிக்கவில்லை, சந்தியிலிருந்த வேதக் கோயில் மணியும் அடிக்கவில்லை. இரண்டு கோயில்களும் திறந்து கிடந்தன, உள்ளே சாமி இல்லை. நாய்கள்தான் நின்றனவாம். தன் தாயையும் சகோதரங்களையும் அவர் கண்டுபிடிக்க ஒரு மாரிகாலம் முழுக்கப் பிடித்தது. எல்லோரையும் கண்டுபிடிக்கவும் இல்லை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

உயிர்த்த ஞாயிறு விடிவதற்கு முன்பே பூசை. கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு நிறம் தீட்டிய முட்டை உண்டு என்பதால் நானும் அம்மாவும் போயிருந்தோம். இருட்டில் நின்றிருந்த கோயிலில் ஒவ்வொரு மெழுகுதிரியாக ஏற்றினார்கள். ஒரு பாட்டுத் தொடங்கியதும், ரோமுக்குப் போயிருந்த மணிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. தரை அதிர்ந்தது. எனக்கு ஒரே ஒரு நினைவுதான் வந்தது. அப்பா இப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. கம்பளியை ஒதுக்கி, ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தார். நான் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"திறந்து விடு பிள்ளை" என்றார்.

"மணி அடிக்குது அப்பா."

"ஓம். திற."

திறந்தேன். அறை முழுக்க மணி நிறைந்தது. அவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். சப்பாத்து காலில் இருந்தது. நான் ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றதற்குக் கை நீட்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. அன்று மாலைவரை அவர் எழும்பவில்லை. அத்தனை கால் மணிகளும், அத்தனை முழு மணிகளும் அவர் தலைக்கு மேலே அடித்து ஓய்ந்தன. பாவம், அவ்வளவு களைப்பு, எதுவும் கேட்காத அளவுக்கு என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. கோப்பி மணமும் ஈரக் கம்பளி மணமும். கொலோன்காரர் மரியாதையாகப் பேசினார். ஒரு விவசாயி மரியாதை குறைவாகப் பதில் சொன்னார். பிறகு சுவாமியார், கோயிலுக்கு மிக அருகில் இருக்கும் குடும்பத்தைக் கேட்போம் என்றார். அப்பா எழுந்து நின்றார். என்னையும் எழுப்பித் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வசனம், அதோடு எல்லாம் முடியும். நான் அதை ஜெர்மனில் முன்கூட்டியே தயாரித்தும் வைத்திருந்தேன்.

"மணி அடிக்கட்டும்" என்றார் அப்பா. "அடிச்சால்தான் எனக்கு நித்திரை வரும்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மண்டபம் என்னைப் பார்த்தது.

"அப்பா, நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லுங்கோ" என்றேன், தமிழில், உதடு அசையாமல்.

"நான் சொன்னதைச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், அந்த மணியை அடித்து நொறுக்க வேண்டும் என்ற ஆத்திரத்தோடு சொன்னேன். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. வெளிநாட்டுக்காரர் நாகரிகமாகச் சமாளித்துவிட்டார் என்று ஒரு சிரிப்பு. கொலோன்காரர்கூடத் தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தார். கையைத் தட்டினார்கள்.

சாவி அக்கா சிரிக்கவில்லை. பின்வரிசையில் நின்றபடி, யாரும் கேட்காமலே பேசினார். ஐரிஷ்காரர் கதையை எல்லோரும் பிள்ளைக்கு இரண்டு தரம் சொல்லி வளர்க்கிறோம், வருஷா வருஷம் மூன்று நாள் மணியை நிறுத்துகிறோம், நான் சாவியைக் கையில் எடுத்த நாளிலிருந்து, மணி நின்றதும் என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடி வந்தவர் இவர் ஒருவர்தான், அதுவும் வெறுங்காலோடு என்றார். சொல்லிவிட்டுச் சிகரெட் பற்றவைக்க வெளியே போய்விட்டார். மணி இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவானது.

வீட்டுக்கு வரும் சிறு தூரத்தை நான் அப்பாவின் கையைப் பிடிக்காமல் நடந்தேன். அந்த வருஷம் சைக்கிள் பழக்கியது அம்மாதான், முழங்கால் வலியோடு. அது பிறகு. அன்று, மதிலோரம் நின்ற சைக்கிளைத் தாண்டும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்?"

"பொய் இல்லை பிள்ளை." அவர் கதவுத் திறப்பை எடுக்கச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். மேலே கால் மணி அடித்தது. அது அடங்கும்வரை கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மணி அடிச்சால், இஞ்சை ஆக்கள் இருக்கினம் எண்டு அர்த்தம். நான் பயமில்லாமல் படுப்பன்."

எனக்கு இன்னும் கோபம் கூடியது. இதைச் சொல்ல ஒரு மணி வேண்டுமா? எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவி அக்காவின் இருமல் கேட்டது. யாரோ மாட்டுக்கு வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊர் என்று இருந்தால் அதில் ஆட்களும் இருப்பார்கள்தானே, படுத்து எழும்புவதற்குள் அவர்கள் எல்லோரும் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.